நிஜக் காரின் பெயிண்ட் மாடல் காருக்கு ஆகுமா?

மாருதி சுஸுகி காரின் பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னத் தகடு கண்ணில் படும். அதில் 26யூ என்றிருந்தால் அந்தக் கார் சுப்பீரியர் ஒயிட். இசட்2எஸ் என்றிருந்தால் சில்க்கி சில்வர். இந்தக் கலர் நம்பரைப் பெயிண்ட் மிக்ஸிங் கடையில் சொன்னால் போதும். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஃபார்முலாவைப் பார்த்து, எலெக்ட்ரானிக் தராசில் டப்பாவை வைத்து, ஒவ்வொரு நிறத்தையும் கிராம் கணக்கில் ஊற்றிக் கலக்கித் தந்துவிடுவார். நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆர்34 காரின் பேசைட் புளூ வேண்டுமா, டிவி2. மஸ்தாவின் சோல் ரெட் கிரிஸ்டலா, 46வி. பிளாஸ்டிக் கிட் வாங்கி 1:24 அளவில் கார் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய ஆசைகாட்டல். பெட்டியின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து ஏதோ ஒரு வெள்ளியை அடிப்பது வேறு, வாசலில் நிற்கும் காரின் அதே வெள்ளியை அடிப்பது வேறு.

காசுக் கணக்கும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. ஜப்பானின் டமியா, ஜி.எஸ்.ஐ. கிரியோஸ் போன்ற நிறுவனங்கள் மாடலுக்கென்றே தயாரிக்கும் லாக்கர் பெயிண்ட் 10 மி.லி. குப்பியில் வருகிறது. எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் விமானத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். உள்ளூர் ஹாபி கடையில் இருப்பு இருந்தால்தான் உண்டு. பிரிட்டனின் ஸீரோ பெயிண்ட்ஸ், ஸ்பெயினின் கிராவிட்டி கலர்ஸ் போன்றவை கார் நிறங்களை ஏர்பிரஷுக்கு ஏற்றபடி நீர்த்தே விற்கின்றன. ஆனால் அவற்றின் குப்பிக்குள் இருப்பதும் அடிப்படையில் கார் பெயிண்ட் வகைதான். அதே வகைச் சரக்கு நம் ஊர் மிக்ஸிங் கடையிலேயே கிடைக்கும்போது கடல் தாண்டித் தேட வேண்டுமா?

வேண்டாம். நிஜக் காரின் பெயிண்டை மாடல் காருக்கு அடிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: கார் கடையில் கலரை மட்டும் வாங்குங்கள். அடியில் போகும் பிரைமரும் மேலே போகும் கிளியரும் மாடலுக்கென்று செய்தவையாக இருக்கட்டும். ஏன் இந்தப் பிரிவினை என்பதற்குக் கார் பெயிண்ட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஒரு காரின் மேல் இருப்பது ஒரு பெயிண்ட் அல்ல, அடுக்கு. தகட்டை ஒட்டித் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும் கிளியர். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். தொழிற்சாலையில் இந்தப் பூச்சுகளைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்து இறுக்குகிறார்கள். கிட்டின் பாடி பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அது 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். நல்லவேளையாக மிக்ஸிங் கடையில் கிடைப்பது தொழிற்சாலைச் சரக்கு அல்ல. டிங்கரிங் ஷெட்டில், ஓடிப் பழகிய காருக்கு அடிப்பதற்கென்று தயாரித்தது. சாதாரண வெப்பத்திலேயே காயும். ஆக, சூடு நமக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை தின்னர்.

மாடல் காருக்கு நிஜக் காரின் பெயிண்டை அடிப்பது புது யோசனை ஒன்றும் இல்லை. 1920-களில் டுபாண்ட் நிறுவனத்தின் டூகோ லாக்கர் வந்த பிறகுதான் கார் பெயிண்ட் வாரக்கணக்கில் காயாமல் மணிக்கணக்கில் காய ஆரம்பித்தது; ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் 1924 ஓக்லண்ட் கார்களில் அடித்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை அமெரிக்கப் பையன்களுக்காக ஒரு கைவினைப் போட்டி நடத்தியது. 1937 முதல் அதில் சொந்தமாக வடிவமைத்த மாடல் கார்களும் இடம்பெற்றன. பலர் மரத்தைச் செதுக்கி, கார் லாக்கரையே அடித்து மெருகேற்றினார்கள். மரத்துக்குத் தின்னரால் ஒன்றும் ஆகாது. 1950-களின் கடைசியில் ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் கிட்கள் கடைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

பாலிஸ்டைரீனை டொலுவீன், சைலீன், அசிட்டோன் வகைக் கரைப்பான்கள் கரைக்கும். கிட்டை ஒட்டும் பசையே இந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கிறது. அது இரண்டு பாகங்களின் ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகிறது. கார் பெயிண்டின் தின்னரிலும் இதே குடும்பத்துக் கரைப்பான்கள்தான் இருக்கின்றன. அதைப் பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக, தாராளமாக அடித்தால் என்ன ஆகும்? பாடி குழைந்து உருகி ஒழுகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி நடப்பதில்லை. நடப்பது இன்னும் நாசூக்கான கேடு. அடித்த உடனே எல்லாம் அழகாக இருக்கும். காயக் காய, பானெட்டின் நடுவில் மெல்லிய நெளிவுக் கோடுகள் வலைபோலப் படரும். நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரியும். பட்டி வைத்துத் தேய்த்த இடமிருந்தால் அதன் எல்லைக்கோடு பெயிண்டுக்கு மேலே எழும்பி வந்து நிற்கும். இது பெயிண்டின் குறை அல்ல, அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கே வெடித்துப் பொங்கியிருக்கிறது. மேலே இன்னும் நாலு கோட் அடித்தாலும் மறையாது. தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தடுக்கும் வழி இரண்டு. ஒன்று, நடுவில் ஒரு தடுப்பு. டமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர், கிரியோஸின் மிஸ்டர் சர்ஃபேஸர் 1200 அல்லது 1500 போன்றவை பிளாஸ்டிக்குக்கு ஏற்ற மென்மையான கரைப்பானில் வருபவை. பாடி முழுக்க, மூலை முடுக்கு விடாமல், சீராக மூடியிருக்க வேண்டும். கதவுக் கோட்டின் உள்பக்கமும் சக்கர வளைவின் விளிம்பும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். இரண்டு, முதல் இரண்டு மூன்று கோட்களை நனையாமல் அடிப்பது. ஏர்பிரஷைச் சற்றுத் தள்ளிப் பிடித்துத் தூவலாக அடித்தால் பெயிண்ட் பாடியில் விழுவதற்குள் பாதித் தின்னர் காற்றிலேயே பறந்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகு சற்று ஈரமாக அடித்தாலும் தின்னர் கீழே இறங்காது. பெயிண்ட் அதேதான், பிளாஸ்டிக்கும் அதேதான். கெடுப்பதும் காப்பதும் ஒரு தடவையில் எவ்வளவு ஈரம் விழுகிறது என்பதுதான்.

முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. உலகமெங்கும் மாடல் கட்டுகிறவர்கள் இதற்குப் பிளாஸ்டிக் ஸ்பூனைத்தான் பயன்படுத்துவார்கள். அதன் முதுகு வளைவு காரின் கூரை வளைவுக்குச் சரியாக இருக்கும். இந்தியாவில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை. பாதகமில்லை. கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையோ வேண்டாத பாகத்தையோ எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பாடி எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக்கில் சோதிப்பது ஸ்பூனைவிட நம்பகமானதும்கூட. பிரைமர், கலர், கிளியர் மூன்றையும் அதே வரிசையில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கலர் மட்டும் அடித்துப் பார்த்துத் திருப்தியடைவது அரைச் சோதனை.

சரி, கார் கடையிலேயே பிரைமரும் இருக்கிறதே, அதை ஏன் வேண்டாம் என்கிறேன்? தடிமன். டிங்கரிங் ஷெட்டில் அடிக்கும் பிரைமர் சர்ஃபேஸரின் வேலையே பட்டி தேய்த்த கீறல்களை நிரப்புவது. நிஜக் காரில் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 1:24 அளவில் அது 0.17 மில்லிமீட்டர்கூட இல்லை. கிட் தயாரிப்பாளர்கள் அதைச் சற்று அகலமாகத்தான் செதுக்குகிறார்கள் என்றாலும், தடிமனான பிரைமர் இரண்டு கோட் விழுந்தால் கோடு அடைந்துபோகும். கீறலையும் நிரப்பும், கதவுக் கோட்டையும் நிரப்பும்; அதற்கு இரண்டும் ஒன்றுதான். 120 மைக்ரான் பூச்சை 24 மடங்கு பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். எந்த நிஜக் காரிலும் அவ்வளவு தடிமனாகப் பெயிண்ட் இருக்காது. அனுபவசாலிகள் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே கதவு, பானெட், டிக்கி கோடுகளைக் கூரான ஊசியால் இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்திக்கொள்வது இதனால்தான்.

பிரைமரில் இன்னொரு விஷயம். சில கிட்கள் சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. அதன் மேல் வெள்ளையோ மஞ்சளோ அடித்தால், தின்னர் பிளாஸ்டிக்கின் சாயத்தை மேலே இழுத்து வந்துவிடும். சில நாளில் வெள்ளைக் கார் வெளிறிய ரோஸ் ஆகும். பிரைமருக்கு மேல் ஒரு மெல்லிய சில்வர் கோட் கொடுத்துவிட்டு வெள்ளை அடிப்பது பழைய உபாயம்.

இப்போது நிறத்துக்கு வருவோம். கடையில் கேட்கும்போது ஒரு வார்த்தை கவனம் தேவை. மெட்டாலிக், பேர்ல் நிறங்கள் பேஸ் கோட்டாகவே கிடைக்கும். வெள்ளை, சிவப்பு போன்ற துகள் கலக்காத நிறங்களைப் பல கடைகள் பி.யு. அல்லது 2கே என்ற வகையில் கலந்து, கூடவே ஒரு ஹார்ட்னர் டப்பாவும் கொடுப்பார்கள். அது கிளியரே தேவைப்படாமல் நேரடியாகப் பளபளக்கும் வகை. நமக்கு அது வேண்டாம். காரணத்தைக் கிளியரைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். "பேஸ் கோட்டாகக் கொடுங்கள், ஹார்ட்னர் வேண்டாம்" என்று கேட்டு வாங்குங்கள். ஒரு 1:24 காருக்கு நீர்த்த பெயிண்ட் 20, 30 மி.லி. இருந்தாலே தாராளம். கடையில் மிகக் குறைந்தது எவ்வளவு கலப்பார்களோ அவ்வளவு போதும்.

மெட்டாலிக்கில் ஒரு பொறி இருக்கிறது. நிறம் நூற்றுக்கு நூறு அசல், ஆனால் மாடலில் அடித்தால் பொம்மைபோல் தெரிகிறது என்று பலர் குழம்புவதுண்டு. காரணம், நிறத்தைச் சுருக்க வேண்டியதில்லை, துகளைச் சுருக்க முடியாது. சில்வரில் மின்னும் அலுமினியத் துகள் 20 மைக்ரான் என்று வையுங்கள். 1:24 காரின் மேல் அது அரை மில்லிமீட்டர் துகளுக்குச் சமம்; நிஜக் காரின் மேல் ரவையைத் தூவியதுபோல. இன்னொரு கணக்கும் உண்டு. மாடலை நாம் 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அது நிஜக் காரை 7 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் யாருக்கும் தனித்தனித் துகள் தெரியாது, ஒரு வழவழப்பான மினுமினுப்புதான் தெரியும். எனவே பொடித் துகள் நிறங்கள் மாடலுக்குப் பொருந்தும், பெரிய துகள் நிறங்கள் பொருந்தா. சில்க்கி சில்வர் போன்றவற்றில் கடைக்காரரிடம் மிகப் பொடியான அலுமினியத்தை வைத்துக் கலக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் அந்த ஒரு நிறத்துக்கு ஹாபி கம்பெனி சில்வரே மேல். கலர் நம்பர் சரியாக இருப்பதைவிடக் கண்ணுக்குச் சரியாக இருப்பது முக்கியம் என்பது என் கட்சி. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

சோல் ரெட் போன்ற நிறங்கள் தனி ரகம். அடியில் அலுமினியத் துகள் கலந்த ஒரு படலம், அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, அதற்கும் மேல் கிளியர். வெளிச்சம் சிவப்பைத் தாண்டி உள்ளே போய், உலோகத்தில் பட்டு, மறுபடி சிவப்பின் வழியே வெளியே வருகிறது. மேட்டெல் 1968-இல் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தபோது அடித்த ஸ்பெக்ட்ராஃப்ளேம் நிறங்களின் வித்தையும் இதுதான்: பளபளக்கும் உலோக பாடியின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணம். மாடலில் இதை அடிக்கும்போது ஒவ்வொரு கோட்டும் நிறத்தை ஒரு படி இருட்டாக்கும். கிட்டில் பானெட் தனிப் பாகமாக வந்தால் அதை பாடியிலேயே பொருத்தி வைத்து ஒன்றாக அடித்துவிடுங்கள். தனியாக அடித்தால் கோட் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். பிறகு அந்தப் பானெட் வேறு காரிலிருந்து கழற்றி மாட்டியதாகத்தான் தெரியும்.

நீர்ப்பதற்கு அந்தப் பெயிண்ட் கம்பெனியின் பேஸ் கோட் தின்னரையே வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் லூசில் கிடைக்கும் என்.சி. தின்னரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. அது ஏர்பிரஷ் கழுவ மட்டும். கார் பெயிண்டரின் ஸ்ப்ரே கன்னில் துளை 1.3, 1.4 மில்லிமீட்டர் இருக்கும். ஏர்பிரஷில் 0.3 முதல் 0.5 தான். எனவே அவர்களைவிட அதிகமாக நீர்க்க வேண்டும். ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தின்னரில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒன்றரை, இரண்டு என்று போகலாம். கலக்கிய குச்சியைத் தூக்கினால் இழையாக ஒழுகாமல் துளித்துளியாகச் சொட்ட வேண்டும். அழுத்தம் 15 முதல் 25 பி.எஸ்.ஐ. போதும்.

பேஸ் கோட் காய்ந்ததும் மங்கிப்போகும். முதல்முறை அடிக்கிறவர்கள் இதைப் பார்த்துப் பதறி, மேலும் மேலும் அடித்துக் கதவுக் கோடுகளை மூடிவிடுகிறார்கள். மங்குவது அதன் இயல்பு. பளபளப்புக் கிளியரின் வேலை. நிறம் சீராக மூடியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள், மூடியதும் நிறுத்துங்கள்.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கே படிந்து பெயிண்டில் வெண்மூட்டமாக நிற்கும். கறுப்பிலும் கருநீலத்திலும் அப்பட்டமாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அடிக்காதீர்கள். வெயில் ஏறிய முற்பகல் நல்லது. மெதுவாகக் காயும் தின்னர் கடையில் உண்டு, அதையும் கேட்கலாம். மூட்டம் விழுந்துவிட்டால் அந்த மெதுவான தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கிளியர். இங்கேதான் நான் கறாராக இருக்கிறேன். காருக்கு அடிக்கும் 2கே கிளியர் இரண்டு டப்பாவாக வரும், கிளியரும் ஹார்ட்னரும். கலந்தால் வேதிவினை நடந்து, தின்னராலும் அசைக்க முடியாதபடி இறுகும். ஒரே கோட்டில் கண்ணாடியாக நிற்கும். உலகத்தின் தலைசிறந்த மாடல் கட்டுநர்கள் பலர் அதைத்தான் அடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அதன் தூவலை மூச்சில் இழுத்தால் நுரையீரல் ஒவ்வாமை கொள்ளலாம், ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். ஆபத்தான அளவில் இருக்கும்போதுகூட அது மூக்குக்குத் தெரியாது. அதனால் சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை முழுமையாக நம்ப முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடியோடுதான் இதை அடிக்க வேண்டும். குழந்தைகள் தூங்கும் வீட்டில், பால்கனியில், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கும் வேலை அல்ல இது. ஹார்ட்னர் சேரும் 2கே நிறங்களை வேண்டாம் என்றதும் இதே காரணத்தால்தான்.

பதிலுக்கு டமியாவின் டி.எஸ்.-13, கிரியோஸின் சூப்பர் கிளியர் போன்ற ஒற்றை டப்பா லாக்கர் கிளியர்கள் போதும். தூவலாக இரண்டு, பிறகு ஈரமாக இரண்டு மூன்று. ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் டி.எஸ்.-13-ஐ ஒரேயடியாக நனைத்து அடித்தால் ஸ்டிக்கர் சுருங்கும். அங்கே தூவலே நிறையக் கொடுக்க வேண்டும். இவற்றுக்கும் கரைப்பான் மாஸ்க், திறந்த ஜன்னல், அருகில் அடுப்பு எரியாமை எல்லாம் கட்டாயம். காய்ந்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், மூக்கால் பாருங்கள். கிட்டே கொண்டுபோனால் வாசனை அடிக்கிறதென்றால் உள்ளே இன்னும் தின்னர் இருக்கிறது. எனாமல் பெயிண்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் தோல் உரிந்ததுபோல் சுருங்கி எழும்பும்.

மெருகேற்றுவது காருக்குப் போலவேதான். 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் பாலிஷ். வித்தியாசம் விளிம்புகளில். பானெட்டின் மேட்டு வரியிலும் சக்கர வளைவின் ஓரத்திலும் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாகத்தான் நிற்கும். அங்கே இரண்டு இழுப்பு கூடிவிட்டால் கிளியரைத் தாண்டி, கலரையும் தாண்டி, பிரைமரின் சாம்பல் எட்டிப் பார்க்கும். அந்த விளிம்புகளின் மேல் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு நடுப்பரப்பைத் தேயுங்கள். கடைசியாக டேப்பை எடுத்துவிட்டு விளிம்பைப் பாலிஷால் மட்டும் ஒரு தடவு.

பிளாஸ்டிக் கிட் அல்லாத கார்களுக்கு இந்த விதிகள் மாறும். டைகாஸ்ட் கார் துத்தநாகக் கலவை உலோகம். பழைய பெயிண்டை உரித்துவிட்டு எட்ச் பிரைமர் அடித்தால் கார் பெயிண்டை அது கூசாமல் தாங்கும். பயின்று பார்ப்பதற்கு அதுவே நல்ல இடம். ரெசின் பாடியை முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பிசுக்கு அதில் ஒட்டியிருக்கும். ரிமோட் காரின் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பாடிக்கு மட்டும் கார் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அது வளைந்து கொடுக்கும் பொருள், பெயிண்ட் வளையாது. முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிரும். அதற்கென்றே விற்கும் பெயிண்டை உள்பக்கமாக அடிப்பதுதான் வழக்கம்.

மிச்சமான பேஸ் கோட்டை இறுக மூடும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில், கலர் நம்பரை எழுதி ஒட்டி வையுங்கள். ஹார்ட்னர் சேராததால் நீண்ட நாள் கெடாது. மெட்டாலிக் துகள் அடியில் படிந்து இறுகிவிடும் என்பதால் இரண்டு ஸ்டீல் பேரிங் உருண்டைகளையும் உள்ளே போட்டுவைத்தால் குலுக்க வசதி. ஏர்பிரஷ் கழுவிய தின்னரைச் சிங்க்கில் ஊற்றாமல் வேறொரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். சில நாளில் பெயிண்ட் கீழே படிந்து, மேலே தெளிந்த தின்னர் நிற்கும். அடுத்த தடவை கழுவ அதுவே ஆகும்.